வானொலிக் களஞ்சியத்தை மக்களுக்குத் திறந்துவிடுங்கள்

பிரசார் பாரதியின் தலைமைச் செயல் அதிகாரி அவர்களுக்கு,



1960களின் பிற்பாதியில் தஞ்சை வட்டாரத்தில் ஏடிடி 27 என்ற குறுவை நெல் வேகமாகப் பரவியது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த ரகம் அது. விவசாயிகளோ அதை ‘ரேடியோ நெல்’ என்றே சொன்னார்கள். திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பில் கேட்டுக் கேட்டுப் பயிரிட்ட நெல் என்பதால் வந்த பெயர். ஒரு பயிருக்கே பெயர் கொடுத்த அந்த ஒலிபரப்பில் என்ன பேசினார்கள், எந்தத் தமிழில் பேசினார்கள் என்று கேட்க விரும்பும் வேளாண் கல்லூரி மாணவி இன்று எங்கே போவாள்?

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள வானொலி நிலையங்களில் எஞ்சியிருக்கும் ஒலிப்பதிவுகளை இணையத்தில் ஏற்றுங்கள். ஏற்றியதை எடுத்துவிடாதீர்கள்.

உங்கள் நிறுவனம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்பது தெரியும். பழைய கச்சேரிகள் குறுந்தகடுகளாக வந்தன. யூடியூபில் களஞ்சியத்துக்கென்று தனிச் சேனல் இருக்கிறது. 2016இல் தொடங்கிய ‘ராகம்’ வானொலிச் சேனல் இருபத்து நான்கு மணி நேரமும் செவ்வியல் இசை தருகிறது. 2024இல் ‘வேவ்ஸ்’ என்ற உங்கள் ஓடிடி தளமும் வந்துவிட்டது. இவற்றையெல்லாம் நன்றியோடு கேட்கிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் ‘ராகம்’ ஒலிபரப்பில் ஒரு பழைய கச்சேரி நள்ளிரவில் வந்து போனால் போனதுதான். யூடியூப் இன்னொருவர் வீட்டுத் திண்ணை. அங்கே விதிகளை நீங்கள் எழுதுவதில்லை. ஆய்வேட்டில் அடிக்குறிப்பாகத் தரும் முகவரி பத்து ஆண்டு கழித்தும் அதே பதிவைக் காட்டியாக வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத எண், ஒலிபரப்பான நாள், நிலையம், பங்கேற்றவர்கள் பெயர் எல்லாம் வேண்டும். ஏதோ காரணத்தால் ஒன்றை எடுக்க நேர்ந்தால் அந்தக் காரணமும் அதே இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது, திருச்சி அடுத்த ஆண்டு மே 16 அன்று, திருநெல்வேலி 1963இல். இவை பாட்டுப் பெட்டிகளாக மட்டும் இருந்துவிடவில்லை. ஜி.என். பாலசுப்பிரமணியம் சென்னை நிலையத்தில் பொறுப்பு வகித்தார். தி. ஜானகிராமனும் அகிலனும் வானொலியில் வேலை பார்த்தவர்கள். சுகி சுப்பிரமணியத்தின் ‘காப்புக்கட்டிச் சத்திரம்’ தொடரை வீடே கூடி உட்கார்ந்து கேட்டது. தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ ஒலிக்காத காலை அப்போது தமிழ்நாட்டில் இல்லை. டெல்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் குரலைக் கேட்டு உச்சரிப்பைத் திருத்திக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். இந்தப் பெரிய பெயர்களை எப்படியும் யாராவது காப்பாற்றிவிடுவார்கள். என் கவலை மற்றவர்களைப் பற்றியது: நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டுக் குழுக்கள், நாற்று நடவுப் பாட்டுப் பாடிய பெண்கள், ‘வயலும் வாழ்வும்’ பண்ணை நிகழ்ச்சியில் ஒலிவாங்கியின் முன் தயங்கித் தயங்கிப் பேசிய குடியானவர்கள். அவர்கள் பேச்சு எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. வட்டாரத் தமிழின் ஓசை எழுத்தில் நிற்காது. நாடாவில் மட்டுமே நிற்கும்.

அந்த நாடாவும் காத்திருக்காது. கால் அங்குல அகலம், பழுப்பு நிறக் காந்தப் பூச்சு. கடற்கரை ஊரின் ஈரத்தில் பூச்சைப் பிடித்திருக்கும் பசை இளகும். ஸ்பூலை ஓட்டினால் பூச்சு உரிந்து எந்திரத்தின் ஹெட்டில் அப்பிக்கொள்ளும், ஒலி மங்கிக் கீச்சிடும். பழைய அசிடேட் நாடாவாக இருந்தால் பெட்டியைத் திறந்ததுமே வினிகர் வாடை மூக்கில் ஏறும். நாடா சுருங்கி நெளியத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ஸ்பூல் எந்திரத்துக்கு உதிரிப் பாகம் கிடைப்பதும் அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் கிடைப்பதும் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிறது. ஒரு மணி நேர நாடாவை எண்ணிம வடிவுக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஓட்டித்தான் ஆக வேண்டும். இதில் குறுக்குவழி இல்லை. சேமிக்கும் இடம் பெரிய சிக்கல் இல்லை: 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒரு மணி நேர மோனோ பதிவு ஏறக்குறைய 1 ஜிபி. பத்தாயிரம் மணி நேரம் ஒற்றை வன்தட்டில் அடங்கிவிடும். ஆளும் எந்திரமும் நாளும்தான் வேண்டும்.

உரிமைச் சிக்கலைச் சொல்லி இதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சிக்கல் உண்மையானதே. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிபரப்பு நிறுவனத்தின் உரிமை 25 ஆண்டு, நிகழ்த்துகலைஞரின் உரிமை 50 ஆண்டு. பாட்டையும் நாடகத்தையும் எழுதியவரின் உரிமை இன்னும் நீளும். சினிமாப் பாட்டை விட்டுவிடுங்கள். நிலையத்தார் எழுதிப் பேசியவை, பண்ணை நிகழ்ச்சிகள், பேட்டிகள், உரைகள், வழிவழி வந்த நாட்டுப் பாடல்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். கலைஞர்களின் வாரிசுகளுக்கு வெளிப்படையாக அழைப்பு விடுங்கள். பணம் தர வேண்டிய இடத்தில் தாருங்கள். தாத்தாவின் வானொலிக் கச்சேரி ஒன்றுகூடக் கையில் இல்லாத குடும்பங்கள் அந்த அழைப்பை மறுக்கும் என்று நான் நினைக்கவில்லை. கவிஞர் பாரதியாரின் எழுத்துரிமையையே 1949இல் அரசு வாங்கி, பின்னர் பொதுவாக்கிய மாநிலம் இது.

எல்லாவற்றுக்கும் முன்னால் பட்டியல் வேண்டும். பிபிசி தன் ‘ரேடியோ டைம்ஸ்’ இதழ்களில் அச்சான நிகழ்ச்சி விவரங்களை 1923 முதல் தொகுத்து, ‘ஜீனோம்’ என்ற பெயரில் 2014இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. பதிவு கையில் இருக்கிறதோ இல்லையோ, என்ன ஒலிபரப்பானது என்பதாவது தெரிகிறது. நமக்கும் ‘வானொலி’ இதழ் இருந்தது. நிகழ்ச்சிகளும் நேரமும் கலைஞர் பெயர்களும் அதில் அச்சாகின. அந்த இதழ்களை எண்ணிம எழுத்தாக மாற்றி, நாடாப் பெட்டிகளின் மேல் ஒட்டிய சீட்டுகளோடு ஒப்பிட்டால், பாதி அழிந்த சீட்டுக்கும் நாளும் பெயரும் கிடைக்கும். இதற்கு நேயர்களே உதவிக்கு வருவார்கள். இத்தனை காலம் அவர்கள்தானே காத்துவந்திருக்கிறார்கள்! வானொலிக்கு அருகில் டேப் ரிக்கார்டரை வைத்து, வீட்டில் யாரும் இருமக்கூடக் கூடாது என்று சொல்லி ரசிகர்கள் பிடித்துவைத்த கேசட்டுகள்தான் இன்று இணையத்தில் சுற்றும் பல வானொலிக் கச்சேரிகளுக்கு மூலம். இரைச்சலோடு கூடிய அந்த நகல் ஊருக்கெல்லாம் கிடைக்கிறது. தெளிவான மூலப் பதிவு எஞ்சியிருந்தால் அது நிலையத்தின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. தபால் நிலையத்தில் வரிசையில் நின்று வானொலி உரிமக் கட்டணம் கட்டிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்கள் காது கேட்கும் காலத்திலேயே இது நடக்க வேண்டும்.

திருச்சி நிலையத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே என்னென்ன நாடாக்கள் எஞ்சியுள்ளன, எவை ஓடும் நிலையில் இருக்கின்றன, எவை அழிந்துவிட்டன என்ற பட்டியலை வரும் மே 16க்குள், அந்த நிலையத்தின் பிறந்தநாளுக்குள், வெளியிடுவதாக அறிவியுங்கள்.

இப்படிக்கு,
வானொலி நேயர் ஒருவர்