ஈஸ்டர் திங்களைத் தொட வேண்டாம்

பட்ஜெட் பற்றாக்குறையைச் சமாளிக்க இரண்டு பொது விடுமுறைகளை நீக்கலாம் என்று 2025 ஜூலையில் பிரான்ஸின் அன்றைய பிரதமர் பிரான்சுவா பய்ரூ அறிவித்தார். ஒன்று மே 8, மற்றொன்று ஈஸ்டர் திங்கள். அந்தத் திங்களுக்கு மத முக்கியத்துவம் எதுவும் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். செப்டம்பரில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்று அவர் பதவி இழந்தார். அடுத்து வந்த பிரதமர் லெகோர்னு திட்டத்தைக் கைவிட்டார். ஆனாலும் பணமுடை வரும்போதெல்லாம் இந்த வாதம் திரும்ப வரும். அதை இப்போதே மறுத்தாக வேண்டும்.

ஒரு நாளுக்கு மத முக்கியத்துவம் உண்டா, இல்லையா என்று தீர்ப்பளிப்பது மதச்சார்பற்ற அரசின் வேலையே அல்ல. அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டம், எந்த வழிபாட்டையும் அரசு அங்கீகரிக்காது, எதற்கும் சம்பளம் கொடுக்காது என்றது. அப்போதிருந்த விடுமுறைகள் தொடரும் என்றும் அதே சட்டமே சொன்னது. ஈஸ்டர் திங்களுக்குச் சட்டப்படி விடுமுறை தந்ததும் 1886-இல் குடியரசுதான். திருச்சபையின் செல்வாக்கை முறிக்கப் பாடுபட்டவர்களே இந்த நாளில் கை வைக்கவில்லை.

கோயில் பக்கமே போகாத குடும்பங்களும் ஈஸ்டருக்கு ஒன்றுகூடி ஆட்டுக்கறி விருந்து உண்கின்றன. ரோமுக்குப் போய்த் திரும்பும் கோயில் மணிகள் போட்டுச் சென்றதாகச் சொல்லப்படும் முட்டைகளைக் குழந்தைகள் தோட்டத்தில் தேடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைப்பதால்தான் இது நடக்கிறது. ஆளுக்கொரு நாள் லீவு கொடுத்தால், ஊரிலிருக்கும் பாட்டி வீட்டுக்கு யாரும் சேர்ந்து போக முடியாது.

விழாவின் பொருளைக் காப்பது விசுவாசிகளின் பொறுப்பு. அவர்கள் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2025-இல் ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா திருவிழிப்பு இரவில் பிரான்ஸில் 10,384 பெரியவர்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். முந்தைய ஆண்டைவிட இது 45 சதவீதம் அதிகம். அரசின் தயவில் நடந்ததல்ல இது.

நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. நாட்டின் 11 பொது விடுமுறைகளில் 6 கிறிஸ்தவ மரபில் வந்தவை. யூதருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒன்றுகூட இல்லை. இது அநீதி. ஆனால் ஒருவரிடம் இருப்பதைப் பறிப்பதால் இன்னொருவருக்கு எதுவும் கிடைத்துவிடாது. யோம் கிப்பூருக்கும் பக்ரீத்துக்கும் அரசுப் பள்ளிகளில் விடுமுறை விடலாம் என்று 2003-இல் பெர்னார் ஸ்டாசி தலைமையிலான குழு பரிந்துரைத்தது. பள்ளிகளில் முக்காட்டைத் தடைசெய்யும் பரிந்துரையை ஏற்ற அதிபர் சிராக், இதைத் தள்ளிவிட்டார்.

அவர் தள்ளிவிட்ட அந்தப் பரிந்துரையை பிரான்ஸ் நாடாளுமன்றம் மீண்டும் எடுத்து நிறைவேற்ற வேண்டும். ஈஸ்டர் திங்கள் இருந்தபடியே இருக்கட்டும்.