கட்டுகிறவர் யார்?

பந்தய வண்டி செய்யும் மாணவர் குழுக்கள் நாடெங்கும் பெருகிவிட்டன. 2007-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் பாஹா போட்டி தொடங்கியது. கோவைக்கு அருகே செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஓடுதளத்திலும் மாணவர் வண்டிகள் போட்டியிட்டிருக்கின்றன. நம் தமிழ் மாணவர்கள் இக்குழுக்களில் முன்னணியில் நிற்பது நமக்குப் பெருமையே. ஆயினும் அவர்கள்மீது எனக்கு ஒரு குறை உண்டு.

வண்டியின் சட்டத்தை வரைந்தவர் பெயர் நமக்குத் தெரியும். எஞ்சினைச் சீர் செய்தவர் பெயர் தெரியும். ஓட்டியவர் பெயரைச் சொல்லவே வேண்டாம், சுவரொட்டியில் இருக்கிறது. அந்த வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கட்டியவர் யார்? கேட்டுப் பாருங்கள். "யாரோ முதலாண்டுப் பையன்கள்" என்று விடை வரும். ஓராண்டு உழைத்துச் செய்த பொருளை யாரோ கட்டினார்களாம்! கட்டுவது கூலிவேலை, கணக்குப் போடுவது அறிவுவேலை என்ற பழைய நோய் நம்மிடமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை.

ஓடுதளத்தில் ஓட்டுகிறவருக்குத் தலைக்கவசம் உண்டு, வார்ப்பட்டை உண்டு, தீயணைப்பாளரும் உண்டு. நெடுஞ்சாலையில் நம் டிரெய்லருக்குப் பின்னால் மொப்பெட்டில் வருகிற பால்காரருக்கு என்ன உண்டு? வடநாட்டிலிருந்து கோவைக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் அவரைப் போன்றவர்கள்தாம். அவர்கள் நம் போட்டியில் சேரவில்லை. நுழைவுப் படிவத்தில் கையெழுத்துப் போடவும் இல்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். டிரெய்லரில் பாரம் எங்கே உட்கார வேண்டும்? அச்சுக்கு நேர் மேலே, தராசுத் தட்டுப் போல் சமமாக என்று பலர் சொல்கிறார்கள். கிராமத்தில் வண்டி கட்டியவர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் ஆனாலோ நுகத்தடி மேலே எழும், பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். ஆகவே மூட்டைகளைச் சற்றே முன்னால் தள்ளி வைப்பார்கள். டிரெய்லருக்கும் அதே நியாயந்தான். டிரெய்லரும் சுமையும் சேர்ந்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்கொண்டியில் அழுந்த வேண்டும் என்பது அமெரிக்கரின் வழக்கு. அதற்கும் மிகுந்தால் இழுக்கும் வண்டியின் முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். குறைந்தால் வருவது அதைவிடக் கொடியது. டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். ஒரு வேகத்துக்குக் கீழே அந்த ஆட்டம் தானாகவே அடங்கிவிடும். அதற்கு மேலே ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். அப்போது ஓட்டுநர் வேகத்தைக் கூட்டவும் கூடாது. பயந்து பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் கூடாது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானே தணியும்வரை பொறுக்க வேண்டும். பிறகு ஓரங்கட்டி நிறுத்திப் பாரத்தை மாற்ற வேண்டும். நிறுத்தாமல் 'மெதுவாகப் போவோம்' என்று தொடர்வோர் அடுத்த இறக்கத்தில் மீண்டும் அதே ஆட்டத்தைக் காண்பார்கள்.

இங்கே நம் குழுக்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. காரை மூக்கு முன்னே இருக்கும்படி ஏற்றுவது வழக்கம். முன்புறம் எஞ்சின் உள்ள வீட்டுக் காருக்கு அது சரி. நம் பந்தய வண்டிக்கோ எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால்! போதாக்குறைக்குக் கருவிப்பெட்டி, உதிரிச் சக்கரம், ஜாக்கி எல்லாவற்றையும் கடைசி நேரத்தில் பின்பக்கம் எறிகிறோம். பின்பாரம் ஆகாமல் என்ன செய்யும்? வண்டி 250 கிலோ, டிரெய்லர் 450 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்கொண்டியில் 70 முதல் 105 கிலோ இருக்க வேண்டும். இதை அளக்கப் பெரிய சோதனைக் கூடம் தேவையில்லை. விடுதிச் சமையற்கூடத்தில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசு போதும். டிரெய்லர் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, தராசின்மேல் மரக்கட்டை அடுக்கி, வண்டியில் பூட்டினால் எந்த உயரத்தில் நிற்குமோ அந்த உயரத்தில் முன்கொண்டியை அதன்மேல் இறக்கிப் பார்க்கலாம். சமையற்காரரிடம் அண்ணா என்று அழைத்துக் கேட்டால் தராமலா போவார்?

அடுத்தது கட்டு. நான்கு மூலைக்கு நான்கு பெல்ட். முன்னிரண்டு முன்னோக்கியும் பின்னிரண்டு பின்னோக்கியும் இழுக்க வேண்டும். சரக்குக் கட்டு பற்றிய அமெரிக்க விதி, முன்புறமாக எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்புறமாகவும் பாதி விசையையும் தாங்க வேண்டும் என்கிறது. நம் 250 கிலோ வண்டிக்கு முன்புறம் 200 கிலோ என்று ஆயிற்று. பெல்ட்டில் பெரிய எழுத்தில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம். அது பெரும்பாலும் அறுபடும் வலு. நம்பத்தக்க சுமை அதில் மூன்றில் ஒரு பங்கே.

எங்கே மாட்டுவது? கைக்கு எட்டிய சஸ்பென்ஷன் கம்பியில் கொக்கியை மாட்டிவிடுகிறார்கள். அந்த மெல்லிய குழாய் நீளவாக்கில் இழுப்பையும் தள்ளலையும் தாங்கவே செய்யப்பட்டது. நடுவில் பெல்ட் போட்டு இறுக்கினால் வளையும். கண்ணுக்குத் தெரியாமல் வளைந்த குழாயோடு நம் நண்பர் மறுநாள் ஓடுதளத்தில் இறங்குவார். சக்கரத்தைச் சுற்றிக் கட்டுவதே நல்லது. சட்டத்தில் கட்டினால், வேகத்தடையில் ஸ்பிரிங் அமுங்கும் ஒவ்வொரு முறையும் பெல்ட் தளரும். நம் வண்டிக்குக் கைப்பிரேக்கும் கிடையாது. ஆகையால் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கட்டாயம்.

"இதெல்லாம் டிரைவர் பார்த்துக்கொள்வார்" என்பர் சிலர். வாடகை டிரைவருக்கு நம் வண்டியின் எஞ்சின் எங்கே இருக்கிறது என்று யார் சொன்னார்கள்? "குட்டி யானையில் ஏற்றிவிட்டால் தொல்லை இல்லையே" என்பர் வேறு சிலர். முழு வண்டியும் தட்டில் அடங்குமானால் அதுவே மேல், நானும் மறுக்கவில்லை. ஆனால் கட்டு அங்கேயும் கட்டுத்தான்.

நான் வேண்டுவது பெரிதன்று. கட்டும் பொறுப்பை மூத்த மாணவர் ஒருவர் பெயரோடு ஏற்க வேண்டும். ஆணாயினும் பெண்ணாயினும் அவர் பெயர் சுவரொட்டியில் ஓட்டுநர் பெயருக்குப் பக்கத்தில் வரட்டும். முதலாண்டினர் அருகில் நின்று கற்கட்டும். பொறுப்பேற்றவர் வண்டியோடு பயணம் செய்ய வேண்டும். டிரெய்லரிலுள்ள வண்டிக்குள் அன்று, இழுக்கும் வண்டியில். முதல் 20 கிலோமீட்டரில் ஒருமுறையும், பிறகு தேநீருக்கு நிற்கும்போதெல்லாமும் இறங்கிப் பெல்ட்டை இறுக்கி, சக்கரக் குடத்தில் கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பார்க்க வேண்டும். கொண்டியின் கீழே காப்புச் சங்கிலிகள் இரண்டும் குறுக்காகப் போடப்பட்டிருக்கின்றனவா என்று குனிந்து பார்க்க வேண்டும். சரியில்லை என்று அவர் சொன்னால், குழுத் தலைவரே அவசரப்படுத்தினாலும் வண்டி புறப்படக் கூடாது.

அடுத்த குழு புறப்படும் நாளில் வழியனுப்பப் போகும் நம் சங்க நண்பர்கள் மாலையோடு ஒரு கேள்வியையும் எடுத்துச் செல்லட்டும்: "கொண்டியில் எத்தனை கிலோ, நிறுத்தவர் யார்?"