பத்து வயதில் ஒரு பந்தயமா?

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை நமது கரையோரப் பட்டினங்களைக் கண்டோர் அறிவர். சந்திதோறும் பதாகை, பதாகைதோறும் பால்மணம் மாறாத முகங்கள், முகங்களின் கீழே புள்ளிகள். வாழ்த்துவோர் யாரென்று பார்த்தாலோ, பிள்ளையின் பெயரினும் பெரிதாகத் தனியார் வகுப்பின் பெயர் நிற்கும். இது வாழ்த்தா? வியாபாரமா? பதாகையில் ஏறாத பிள்ளைகளின் பொருட்டே நாம் இன்று எழுதுகிறோம்.

சில காலத்துக்கு முன் ஒரு தாய் எமது அலுவலகத்துக்கு வந்தார். கணவர் கடற்றொழிலாளி. மகனின் மேலதிக வகுப்புக்கும் கருத்தரங்குக்கும் மாதிரி வினாத்தாளுக்கும் காதுத் தோட்டை அடகு வைத்திருந்தார். அடகுச் சீட்டை மேசைமீது வைத்துவிட்டு அவர் கேட்டது தோட்டைப் பற்றியன்று. "எண்ட புள்ள பெயிலா சேர்?" என்றுதான் கேட்டார். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்ட அந்தச் சிறுவன் கதவோரம் தலைகுனிந்து நின்றான். இது தெரிவுப் பரீட்சை. இதில் தவறிய எந்தப் பிள்ளையும் ஆறாம் வகுப்புக்குச் செல்லும் உரிமையை இழப்பதில்லை என்று விளக்கினோம். தாய் நம்பினார். சிறுவன் நம்பவில்லை. ஊரே அவனுக்கு வேறு தீர்ப்பு வழங்கிவிட்டதே!

இப்பரீட்சை எதற்காகப் பிறந்தது? கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேட கல்விக் குழு 1943 இல் அறிக்கை தந்தது. 1945 ஒக்டோபர் முதலாம் நாள் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமத்து ஏழைப் பிள்ளையின் திறமையைக் கண்டெடுத்து, மத்திய மகா வித்தியாலயத்தில் இருத்தி, விடுதிச் செலவையும் கொடுத்துப் படிப்பிக்க எழுந்த ஏற்பாடே புலமைப்பரிசில். அதனால் உயர்ந்தோர் பலர். அதை நாம் மறுக்கவில்லை, நன்றியோடு நினைக்கிறோம்.

ஆனால் இன்று நடப்பது என்ன? ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறார் எழுதுகின்றனர். வெட்டுப்புள்ளியைத் தாண்டுவோர் ஏறத்தாழ ஆறில் ஒருவர். மற்றை ஐவரும் பத்து வயதிலேயே தோல்வி என்னும் முத்திரையைச் சுமக்கின்றனர். ஏழையைத் தேடிப் புறப்பட்ட பரீட்சை, பணம் கட்டக்கூடியவனைத் தேடிக் கண்டுபிடிக்கும் பரீட்சையாயிற்று. 2024 செப்டெம்பரில் முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே கசிந்தன. அம்மூன்றுக்கும் எல்லோருக்கும் புள்ளி வழங்க எடுத்த முடிவு செல்லாதென உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பர் 31 இல் தீர்ப்பளித்தது. குழந்தைகளின் பரீட்சைக்கு உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டிய நிலை வந்ததே, இதனினும் வெட்கக்கேடு உண்டா?

அரசின் பாடத்திட்டம் இதைச் சொல்லவில்லை என்பதைப் பெற்றோர் அறிதல் வேண்டும். ஆரம்பப் பிரிவில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றுக்கும் இடம் உண்டு. 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்றே ஒரு பாடம் உண்டு. ஆனால் நடப்பதோ, மருதமுனைப் பிள்ளை கைத்தறியின் படத்தை மாதிரி வினாத்தாளில் பார்த்துப் பெயரை மனனம் செய்கிறது. அடுத்த வீட்டில் தறியின் ஓசை கேட்டுக்கொண்டேயிருக்கிறது! பாவின் இழைகளை எண்ணிக் கரையின் கோலத்தை அமைப்பது கணிதமன்றோ? கரைவலையில் அகப்பட்ட மீனை வலைக்காரருக்கும் இழுத்தோருக்கும் பங்கிடுவது பின்னக் கணக்கன்றோ? கரைவாகு வட்டையில் ஏக்கருக்கு எத்தனை மூடை விளைந்தது, சென்ற போகத்தில் ஏன் குறைந்தது என்று விசாரித்து எழுதுவது விஞ்ஞானமும் கட்டுரையும் அன்றோ? 2004 டிசம்பர் 26 இல் இந்தக் கடல் ஏன் ஊருக்குள் வந்தது என்று ஒரு பிள்ளை தன் வாப்பாவைக் கேட்குமாயின், புவியியலும் வரலாறும் அங்கே தொடங்கும். அறிவுக்குச் சவால் என்பது இது. தரப்பட்ட விடைகளில் ஒன்றின் கீழ்க் கோடிடுவதன்று.

"பரீட்சை இருக்கும்வரை பயிற்சியும் இருக்கத்தானே வேண்டும்? நம் பிள்ளைகள் மட்டும் பின்தங்குவதா?" என்பர் சிலர். நியாயமான அச்சமே. ஆனால் பயிற்சி வேறு, பிழிதல் வேறு. வாசிக்கவும் வினவவும் பழகிய பிள்ளை எந்த வினாத்தாளுக்கும் அஞ்சாது. மனனம் செய்த பிள்ளையோ வினா சற்றே மாறினால் திகைத்து நிற்கும். பதினொரு வயதில் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் முறையை 1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின் இங்கிலாந்து நாடெங்கும் கைக்கொண்டது. 1965 இல் அதன் அரசாங்கமே அதைக் கைவிடுமாறு உள்ளூர் அதிகாரிகளைக் கேட்டது. இன்று அங்கே சில பகுதிகளில் மட்டுமே அது எஞ்சியுள்ளது. எசமானன் களைந்த சட்டையை நாம் ஏன் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்கிறோம்?

சட்டமும் எம் பக்கமே நிற்கிறது. அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை எல்லா மட்டங்களிலும் சமமான கல்வி வாய்ப்பை அரசின் கொள்கையாக விதிக்கிறது. அது நீதிமன்றில் நேரே வலியுறுத்தத்தக்கதன்று என்பதை அறிவோம். ஆயின் 12 ஆம் உறுப்புரையின் சமத்துவம் வலியுறுத்தத்தக்கதே. 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்கிறது. பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன் மட்டும் வகுப்புகளைத் தடைசெய்யும் திணைக்களத்தைக் கேட்கிறோம்: எஞ்சிய நாட்களில் அக்குழந்தைக்கு உரிமை இல்லையா?

எமது கோரிக்கைகள் மூன்று. ஆரம்பப் பாடசாலை எதுவும் மேலதிக வகுப்பின் பேரால் ஒரு சதமும் அறவிடலாகாது. வாரத்தில் ஓர் அரைநாள், கெட்டிக்காரர் மட்டுமன்றி வகுப்பிலுள்ள அனைவரும் வயலுக்கும் கரைக்கும் தறிக்கும் நூலகத்துக்கும் சென்று கற்க வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் விளையாட்டுக் கழகங்களும் தம் மண்டபங்களை மாலையில் சிறுவர் வாசிகசாலைகளாகத் திறக்க வேண்டும். பதாகைக்குச் செலவிடும் பணம் அங்கே புத்தகமாகட்டும்.

முதலாவதில் இன்றே தொடங்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எவ்வளவு பணம் திரட்டப்பட்டது, எத்தனை மணி நேரம் மாதிரி வினாத்தாளில் கழிந்தது என்று எந்தப் பெற்றோரும் எழுத்தில் கேட்கலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாதோர் எம்மிடம் வாருங்கள். கட்டணமின்றி எழுதித் தருவோம்.

கதவோரம் நின்ற அந்தச் சிறுவன் தலை நிமிர வேண்டும். அவன் தோற்கவில்லை. தோற்றவர்கள் நாம்.