மலையேறும் புகைவண்டி

நீலகிரி மலைப் புகைவண்டியில் செல்வது வீண்பொழுது என்பார் சிலர். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர் ஏற அவ்வண்டிக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகின்றது. பேருந்தோ அதில் பாதிப் பொழுதில் சென்று சேர்கின்றது. எனவே அவ்வண்டியால் பயன் யாது என்பது அவர்தம் வினா. விரைவு ஒன்றே பயன் எனின் அவர் கூற்று மெய்யே. ஆனால் கற்க விழைவார்க்கு அவ்வண்டி ஒரு நடமாடும் பள்ளி என்பது என் துணிபு.

மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையுள்ள பாதை 1899ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. 1908இல் உதகைவரை நீண்டது. கல்லாற்றிற்கும் குன்னூருக்கும் இடையே, ஏறக்குறைய 12 அடி செல்வதற்குள் 1 அடி உயரும் ஏற்றம் உண்டு. அத்தகைய ஏற்றத்தில் வழவழப்பான இரும்புச் சக்கரம் வழுக்கும். ஆதலின், சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆப்ட் என்பார் வகுத்த முறைப்படி, தண்டவாளங்களின் நடுவே இரண்டு பற்சட்டங்களைப் பதித்தனர். ஒன்றன் பல் மற்றொன்றன் இடைவெளிக்கு நேராக நிற்கும். எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி மேலேறும். எஞ்சின் பின்னின்று பெட்டிகளைத் தள்ளும். முன்பெட்டியில் நிற்பவர் வழியை நோக்கிக் கொடி காட்டுவார். பெட்டிதோறும் பிரேக்கைக் கையாள ஒருவர் விழிப்புடன் நிற்பார்.

இவற்றைக் காட்சிச்சாலையில் கண்டால் போதாதோ எனின், போதாது. காட்சிச்சாலை எஞ்சின் வடிவத்தைக் காட்டும், தொழிலைக் காட்டாது. ஓடாத தறி துருவேறும். அதனினும் பெருங்கேடு, நெய்யும் கை தன் பழக்கத்தை மறப்பதாகும். மக்கள் ஏறினால்தான் வண்டி ஓடும்; ஓடினால்தான் கொதிகலனைப் பேணவும் தேய்ந்த பல்லை அறிந்து மாற்றவும் வல்லார் வழிவழியாக வருவர். இந்நூற்றாண்டில் திருச்சி பொன்மலைப் பணிமனை இப்பாதைக்குப் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்தளித்தது. ஓட்டம் முன்பே நின்றிருப்பின் அவற்றுக்குத் தேவை ஏது? 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பெருமையை உலகம் தரலாம். வாழ்வைத் தருபவர் அதில் ஏறிச் செல்வோரே.

மாணவர்களே! ஆலைகளும் பொறிப்பட்டறைகளும் மல்கிய கோவையில் வாழும் நீங்கள், ஒருமுறையேனும் அவ்வண்டியில் செல்லுங்கள். அருவியையும் முகிலையும் கண்டு மகிழுங்கள், அவ்வளவில் அமையாதீர்கள். கல்லாறு கடந்ததும் வண்டியின் நடை மாறுவதைச் செவிகொடுத்துக் கேளுங்கள். குன்னூரில் இறங்கி, கரிபடிந்த கையோடு நிற்கும் தொழிலாளரிடம் பணிவுடன் வினவுங்கள். அவர் கூறும் விடையே அப்பயணத்தின் பெரும்பயன்.