கேட்டதும் சொன்னதும்: பட்டியலில் ரூபாய் குறைகிறதே!

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் குழுவில் நிலக்கடலை விற்ற கணக்கை எக்செல்லில் வைத்துள்ளோம். பணப் பட்டியல் தயாரிக்கும் மேக்ரோவை ஓட்டினால், 12,450 ரூபாய் வரவேண்டியவருக்கு 12 என்றும், சிலருக்குப் பூஜ்யம் என்றும் வருகிறது. டாலர் குறியும் விழுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உறுப்பினர் பணம் சம்பந்தப்பட்டது. சரியாகும்வரை அந்தப் பட்டியலை வங்கிக்கு அனுப்ப வேண்டாம்.

கட்டத்தில் 'ரூ.12,450' என்று தட்டச்சு செய்தால் எக்செல் அதை எண்ணாக எடுக்காது, எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். மேக்ரோவில் 'வால்' என்ற கட்டளை இருந்தால், அது 'ரூ' என்ற எழுத்தைப் பார்த்ததும் பூஜ்யம் தரும். எழுத்தாக உள்ள '12,450'இல் காற்புள்ளியோடு நின்று 12 தரும். பிழை என்றும் சொல்லாது. அதுதான் ஆபத்து.

சரிசெய்யும் முறை:

1. முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுங்கள். மேக்ரோ செய்த மாற்றத்தை 'அன்டூ' கொடுத்துத் திரும்பப் பெற முடியாது.

2. தொகைப் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து 'ஜெனரல்' வடிவத்துக்கு மாற்றுங்கள். பிறகு கண்ட்ரோல், ஹெச் அழுத்தி, 'ரூ.', '/-', காற்புள்ளி ஆகியவற்றை ஒவ்வொன்றாக நீக்குங்கள். புள்ளியை மட்டும் தனியே நீக்கிவிடாதீர்கள், 1250.50 என்பது 125050 ஆகிவிடும்.

3. பத்தியைத் தேர்ந்தெடுத்தால் திரையின் அடியில் கூட்டுத்தொகை தெரிய வேண்டும். எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் அவை இன்னும் எழுத்துகளே.

4. மேக்ரோ எழுதியவரிடம் 'வால்' இருக்கும் இடத்தில் 'சி.டி.பி.எல்.' கட்டளையைப் போடச் சொல்லுங்கள். தொகையில் எழுத்து கலந்திருந்தால் அது பிழை காட்டி நின்றுவிடும். தவறான தொகை போவதைவிட அது மேல்.

5. டாலர் குறிக்குக் காரணம் பெரும்பாலும் கணினியின் அமைப்புதான். எக்செல்லை மூடிவிட்டு, கண்ட்ரோல் பேனலில் 'ரீஜியன்' பகுதியில் 'இங்கிலீஷ் (இந்தியா)' தேர்ந்தெடுங்கள். ரூபாய்க் குறி வரும். 1,245,000 என்பது 12,45,000 என்று நம் லட்சக் கணக்கில் தெரியும்.

இனிமேல் கட்டத்தில் வெறும் 12450 என்று மட்டும் அடியுங்கள். 'ரூ.' பத்தியின் தலைப்பில் இருந்தால் போதும். ஒவ்வொரு முறையும் பட்டியலின் மொத்தத்தை வியாபாரி கொடுத்த பில் தொகையோடு ஒப்பிட்டு, பிடித்தம் போக மீதி சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள்.