மீட்கச் சென்றவனை மீட்பார் யார்?

தோளிலே படுக்கைச் சுருள். உடலிலே பழைய இராணுவச் சட்டை. முகத்திலே நெடுந்தொலைவு நடந்து வந்த களைப்பு. ஏரிக்கரையில் உள்ள ஒரு வீட்டைத் தேடி ஒருவன் வருகிறான். களத்திலே தோளோடு தோள் நின்ற நண்பனைக் காணவேண்டும் என்ற ஆவல் அவனை அழைத்து வந்திருக்கிறது. துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி அவனை ஏறிட்டுப் பார்க்கிறாள். நண்பன் இல்லை என்கிறாள். சென்ற கோடையில் இறந்துவிட்டானாம். புற்றுநோயாம். வியட்நாமிலே விமானத்திலிருந்து தெளித்தார்களே ஒரு நஞ்சு, அதனால் வந்த நோயாம். வந்தவன் பேச நாவெழாமல் திரும்பி நடக்கிறான்.

1982-ல் வெளிவந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' என்ற அமெரிக்கத் திரைப்படம் இவ்வாறுதான் தொடங்குகிறது, தோழரே! திரும்பி நடந்தவன் பெயர் ஜான் ரேம்போ.

ரேம்போ என்றதும் உங்கள் மனக்கண் முன் எழும் உருவம் இதுவன்று என்பதை அறிவேன். சட்டையற்ற திரண்ட மார்பும், நெற்றியிலே கட்டிய துணியும், கையிலே இயந்திரத் துப்பாக்கியும், முதுகுப்புறத்திலே பற்றியெரியும் காடுமாக அன்றோ அவன் சுவரொட்டிகளிலே நின்றான்! அந்த உருவம் மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது. முதலில் வந்தவன் வேறு. அவனை மறக்கடிக்கத்தான் பின்னவன் படைக்கப்பட்டானோ என்ற ஐயம் எனக்கு உண்டு. அந்த ஐயத்தை உங்கள் முன் வைப்பதே இன்றைய கட்டுரை.

முதலில் வந்தவனின் கதை எளிது. டேவிட் மோரெல் 1972-ல் எழுதிய நாவல் அதற்கு மூலம். போரிலிருந்து திரும்பியவன் ஒரு சிற்றூருக்குள் கால் வைக்கிறான். பசிக்கிறது, உணவு வேண்டும். அவ்வூர்க் காவல் அதிகாரிக்கோ அவனுடைய தலைமுடியும் பிடிக்கவில்லை, தோற்றமும் பிடிக்கவில்லை. வண்டியில் ஏற்றி ஊரின் எல்லையிலே இறக்கிவிடுகிறார். அவன் திரும்பி வருகிறான். வந்தது குற்றமாம்! பிடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், முகத்தை மழிக்கக் கத்தியை நீட்டுகிறார்கள். கத்தியைக் கண்டதும், பகைவர் சிறையிலே பட்ட வதை அவன் நினைவிலே பொங்குகிறது. காட்டுக்குள் ஓடுகிறான். ஊரே துப்பாக்கி தூக்கித் துரத்துகிறது. இறுதியில் தன் பழைய தலைவரான கர்னல் டிரவுட்மன் முன்னே, குழந்தைபோல் விம்மி அழுகிறான். பெருமதிப்புள்ள போர்ப்பொறிகளை என்னிடம் நம்பி ஒப்படைத்தார்கள், இங்கேயோ வண்டிகளை நிறுத்திவைக்கும் வேலைகூட எனக்கு நிலைக்கவில்லை என்ற பொருள்பட அவன் புலம்பும் இடம் ஒன்று உண்டு. படத்தின் உயிர் அந்த இடத்திலே இருக்கிறது. அத்தனை ஓட்டத்திலும் துரத்தலிலும் மடிபவன் ஒரே ஒருவன்; அவனும் ஹெலிகாப்டரிலிருந்து வீழ்ந்து மடிகிறான். நாவலிலே ரேம்போ இறந்துவிடுகிறான். படத்துக்கும் அத்தகைய முடிவை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கைவிட்டார்கள். செத்தவனை வைத்து அடுத்த படம் எடுக்க இயலாதல்லவா!

போரை நடத்தியவர்களை நோக்கி அந்தப் படம் ஒரு கேள்வி கேட்டது. பதினெட்டிலும் இருபதிலும் பிள்ளைகளைப் பிடித்து அனுப்பினீர்களே, கொல்லப் பழக்கினீர்களே, திரும்பி வந்தவனுக்கு நீங்கள் பட்ட கடன் என்ன? வாஷிங்டனிலே, மாண்ட வீரர் 58,000 பேரின் பெயரையும் தாங்கிய கருங்கற்சுவர் திறக்கப்பட்டதும் அதே 1982-ல்தான். அது இறந்தவர்களுக்கான சுவர். உயிரோடு திரும்பியோர்? போர்க்களம் கண்டவனைப் பின்னாளிலும் வாட்டும் மனநோய்க்கு அமெரிக்க மருத்துவர்களின் நோய்ப் பட்டியலிலே ஓர் இடம் கிடைத்ததே 1980-ல்தான். அதற்கு முன் அவன் குடிகாரன், கோபக்காரன், உருப்படாதவன்.

இந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் 1985-ன் இரண்டாம் படம். என்ன விடை தெரியுமா, தோழரே? கடன் கேட்டு வந்தவனை வசூலுக்கு அனுப்பிய விடை!

சிறையிலே கல்லுடைத்துக் கொண்டிருக்கும் ரேம்போவிடம் டிரவுட்மன் வருகிறார். வியட்நாமிலே நம் வீரர்கள் இன்னும் சிறைப்பட்டுக் கிடக்கிறார்களாம், போய்ப் பார்த்து வா, மன்னிப்புக் கிடைக்கும் என்கிறார். இம்முறையாவது நம்மை வெல்ல விடுவார்களா என்று கேட்கிறான் இவன். அந்த ஒரு கேள்வியிலே எத்தனை சூழ்ச்சி பாருங்கள்! அமெரிக்கா தோற்கவில்லையாம், தோற்கடிக்கப்பட்டதாம். அதுவும் பகைவராலன்று, மேசைக்குப் பின்னே கோப்பு புரட்டிய சொந்த அதிகாரிகளாலே! வில்லெடுக்கிறான், வெடிகணை ஏவுகிறான், வியட்நாமியரும் உருசியரும் வரிசை வரிசையாகச் சாய்கிறார்கள். கைதிகள் மீட்கப்படுகிறார்கள். உலகெங்கும் ஏறத்தாழ 30 கோடி டாலர் வசூல்.

சரி, அந்தக் கைதிகள் யார்? எங்கே இருந்தார்கள்? இதைச் சற்று நின்று பார்க்கத்தான் வேண்டும்.

1973 சனவரி 27-ல் பாரிசிலே உடன்பாடு கையெழுத்தானது. அடுத்த இரண்டு மாதங்களில் 591 அமெரிக்கக் கைதிகள் தாயகம் திரும்பினர். காணாமற்போனோர் என்று எஞ்சியவர் 2,500 பேருக்கு மேல். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தது அப்போதே தெரியும், உடல் கிடைக்கவில்லை என்பதே செய்தி. மற்றவர்களிலும் பலர் கடலிலும் மலையிலும் விழுந்து நொறுங்கிய விமானங்களின் ஓட்டிகள். மகனின் சாம்பலும் கிடைக்காத தாய், அவன் எங்கோ உயிரோடிருப்பான் என்று நம்பினால் அவளை எவர் பழிப்பார்? நான் பழியேன். அந்தத் தாயின் நம்பிக்கையை மூலதனமாக்கிக் கடை விரித்தார்களே, அவர்களைத்தான் கேட்கிறேன்.

கடை ஒன்றன்று. 1983-ல் 'அன்காமன் வேலர்', 1984-ல் சக் நாரிஸ் நடித்த 'மிஸ்ஸிங் இன் ஆக்ஷன்', எல்லாம் இதே மீட்புக் கதைகள். திரையோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. போ கிரிட்ஸ் என்ற முன்னாள் படை அதிகாரி, 1982-ல் ஆட்களைத் திரட்டிக்கொண்டு உண்மையாகவே லாவோசுக்குள் புகுந்தார். கிளின்ட் ஈஸ்ட்வுட், வில்லியம் ஷாட்னர் முதலிய நடிகர்கள் பணம் தந்தார்கள். ஒரு கைதியையும் அவர் கொண்டுவரவில்லை. பின்னர் அமெரிக்க மேலவை ஒரு குழு அமைத்தது. தலைவர் ஜான் கெர்ரி, வியட்நாமிலே போரிட்டவர். உறுப்பினருள் ஒருவர் ஜான் மெக்கெய்ன், ஹனாய்ச் சிறையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கிடந்து வதைபட்டவர். மற்றவர் எவரையும்விட இவர்களுக்கன்றோ கைதியின் துயர் தெரியும்! 1993 சனவரியில் அக்குழு அறிக்கை தந்தது. எவரும் இன்னும் உயிரோடு சிறைப்பட்டிருக்கிறார் என்று நம்பவைக்கத்தக்க சான்று ஏதுமில்லை என்றது.

இல்லாத கைதிக்காக இருக்கும் மக்கள் தண்டம் கட்டினர். வியட்நாம் முழுவதின்மீதும் 1975-ல் விழுந்த அமெரிக்க வணிகத் தடை 1994 பிப்ரவரி வரை நீங்கவில்லை. கம்போடியாவுக்குள் வியட்நாம் படை நுழைந்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படை 1989-ல் வெளியேறிய பின்னும் தடை நீடித்ததே! நீடித்ததற்கு வாஷிங்டன் காட்டிய பெருங்காரணம் காணாமற்போனோர் கணக்கு. வியட்நாமியரிலே காணாமற்போனவர் 3 லட்சம் அளவில். அவர்களை மீட்க எந்த வில்லாளி போனான்?

இன்னொன்று, தோழரே. ரேம்போவின் இரண்டாம் படத்திலேயே, வாய்தவறி உண்மை ஒன்று வெளிவந்துவிடுகிறது. போருக்கான இழப்பீடாக 450 கோடி டாலர் தருவதாக நாம் ஒப்பினோம், தரவில்லை, அதனால்தான் அவர்கள் கைதிகளை விடவில்லை என்று டிரவுட்மன் மேலதிகாரியிடம் சீறுகிறார். கைதிகள் கதை கற்பனை. கடன் கதை கற்பனையன்று! 1973 பிப்ரவரி 1-ந் தேதியிட்டு வடவியட்நாம் தலைமையமைச்சர் பாம் வான் டோங்குக்கு நிக்சன் எழுதிய கடிதத்தில், புனரமைப்புக்காக 325 கோடி டாலர் அளவுக்கு உதவி என்று குறிக்கப்பட்டிருந்தது. கடிதம் ஆண்டுக்கணக்கில் மறைக்கப்பட்டுக் கிடந்தது. பணம் போகவே இல்லை. படம் பார்த்தவர்களின் நெஞ்சிலே தைத்தது கைதியின் கண்ணீர். கடன் என்ற சொல் காதிலே விழுந்து, அடுத்த வெடியோசையிலே கரைந்துவிட்டது.

திரைக்கும் ஆட்சிபீடத்துக்கும் உள்ள உறவைத் தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எனினும் இதைக் கேளுங்கள். 1985 சூன் 30. பெய்ரூட்டிலே பிணையாகப் பிடிக்கப்பட்டிருந்த 39 அமெரிக்கர் விடுதலை பெற்ற நாள். நாட்டுக்கு உரையாற்ற வந்த குடியரசுத் தலைவர் ரீகன், ஒலிவாங்கியைச் சரிபார்க்கும் வேளையிலே, முந்தின இரவு ரேம்போ படம் பார்த்ததாகவும், இனி இப்படி நேர்ந்தால் என்ன செய்யவேண்டும் என்பது தெரிந்துவிட்டதாகவும் வேடிக்கையாகச் சொன்னார். வேடிக்கைதான். ஆனால் தாமே நடிகராக இருந்தவர், எந்தப் படத்தை எப்போது சொன்னால் கைதட்டல் விழும் என்பதை அறியாதவரா?

நடிகர் சில்வெஸ்டர் ஸ்டாலோன் வியட்நாம் களத்தை மிதித்தவரல்லர். அதைச் சிலர் பெருங்குற்றமாகச் சொல்வர். எனக்கு அது குற்றமாகப் படவில்லை. அரசனாக நடிப்பவன் அரண்மனையிலே பிறந்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாம் படம் 1988 மே மாதம். இம்முறை ஆப்கானிஸ்தானம். சிறைப்பட்டவர் டிரவுட்மன், மீட்பவன் ரேம்போ, துணைநிற்போர் முஜாகிதீன்கள். படத்தின் இறுதியிலே ஆப்கன் மக்களின் வீரத்துக்குக் காணிக்கை என்ற வாசகம். படம் வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்பே சோவியத் படை வெளியேறத் தொடங்கிவிட்டது! காணிக்கை பெற்ற அதே மண்ணின்மீது 2001-ல் அமெரிக்க விமானங்கள் குண்டு பொழிந்தன. 2021 ஆகஸ்டிலே, அமெரிக்கப் படையோடு ஊர் ஊராகச் சென்று மொழிபெயர்த்த ஆப்கானியர், கையிலே காகிதங்களோடு காபூல் விமான நிலைய வாயிலிலே நெருக்குண்டு நின்றனர். மீட்கப்பட்டோர் பலர், கைவிடப்பட்டோரும் பலர். இதையல்லவா படமாக எடுத்திருக்க வேண்டும்!

2008-ன் பர்மாப் படத்தைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். கரேன் மக்களின் துயரை, உலகம் ஏறெடுத்தும் பாராத அந்தப் பழம்போரை, அது கோடிக்கணக்கானோருக்குக் காட்டியது. பர்மிய இராணுவ ஆட்சி அதைத் தடை செய்தது. 2019-ன் ஐந்தாம் படம் மெக்சிகோ நாட்டாரைக் கொடியவராக்கி நிறுத்தியது. நாவலாசிரியர் மோரெலே, அதனோடு தம் பெயர் சேர்ந்திருப்பதற்கு வெட்கப்படுவதாகச் சொல்லிவிட்டார். நான் வேறு என்ன சொல்ல!

இனி அந்த ஏரிக்கரை நண்பனிடம் திரும்புவோம். அவனைக் கொன்ற நஞ்சின் பெயர் ஏஜன்ட் ஆரஞ்சு. இலையுதிர்க்கும் நஞ்சுகளைப் பத்து ஆண்டுகள் அமெரிக்க விமானங்கள் வியட்நாம் காடுகளிலும் வயல்களிலும் தெளித்தன. தெளித்தது 7 கோடி லிட்டருக்கும் அதிகம். நோயுற்ற வீரர்கள் வழக்குத் தொடர்ந்தனர். 1984-ல் நஞ்சு செய்த நிறுவனங்கள் 18 கோடி டாலர் தந்து வழக்கை முடித்துக்கொண்டன. முற்றிலும் செயலிழந்த ஒரு வீரனுக்கு, பத்து ஆண்டுகளிலே, மிகுதியாகக் கிடைக்கக்கூடியதாக அறிவிக்கப்பட்ட தொகை 12,000 டாலர் அளவு. அடுத்த ஆண்டு வந்த ஒரே படத்தின் வசூலை மேலே சொன்னேன், ஒப்பிட்டுக் கொள்ளுங்கள். இந்த நோய்களுக்குப் போரே காரணம் என்று அரசு ஏற்கும் சட்டம் 1991-ல் வந்தது. வியட்நாமியர் தொடுத்த வழக்கோ, 2005-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. டா நாங் விமான தளத்தின் நச்சுமண்ணை 2012 முதல் 2018 வரை அமெரிக்கச் செலவிலே துப்புரவு செய்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பி வந்த வீரர்களுள் தற்கொலை செய்துகொள்வோர் தொகை, 2008-க்குப் பின் ஆண்டுக்கு 6,000-க்குக் குறைந்ததாக அந்நாட்டு அரசின் கணக்கிலேயே இல்லை. இவர்களை மீட்க ஹெலிகாப்டர் வேண்டாம். மருத்துவமனையிலே காத்திருக்காமல் ஒரு படுக்கை கிடைத்தால் போதும், வாடகைக்குக் கட்டுபடியாகும் ஒரு வீடு கிடைத்தால் போதும், வண்டி நிறுத்தும் வேலையேனும் நிலைத்தால் போதும். முதற்படத்திலே அவன் விம்மி விம்மிக் கேட்டது அவ்வளவுதானே!

வியட்நாமுக்குப் போனான், ஆப்கானிஸ்தானத்துக்குப் போனான், பர்மாவுக்கும் மெக்சிகோவுக்கும் போனான். துணி உலர்த்திக்கொண்டிருந்த அந்தப் பெண்மணியின் வீட்டுக்கு மட்டும், ஐந்து படங்களிலே ஒன்றிலும் அவன் திரும்பிப் போகவில்லை.