கல்லுக்குள்ளே ஒரு சல்லடை

எதிர்வீட்டுப் பெண் பி.எஸ்.சி. வேதியியல் முடித்துவிட்டாள். எம்.எஸ்.சி. படிக்க ஆசை. வீட்டில் தினமும் ஒரே பஞ்சாயத்து. “கெமிஸ்ட்ரி படிச்சு என்ன பண்ணப் போறே? டீச்சர் வேலைதானே?” என்கிறார் அவளுடைய அப்பா. போன வாரம் என்னிடமும் நியாயம் கேட்டார்கள். நான் எடித் ஃப்ளானிகன் கதையைச் சொன்னேன்.

1929-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்தவர் எடித். பள்ளியில் வேதியியல் நடத்திய கன்னியாஸ்திரீ ஒருவர், எடித்துக்கும் அவருடைய சகோதரிகள் ஜோன், ஜேன் இருவருக்கும் அந்தப் பாடத்தில் ஆசையை விதைத்துவிட்டார். கல்லூரியில் மூவருமே வேதியியல்தான் படித்தார்கள். 1952-ல் முதுகலை முடித்த எடித், யூனியன் கார்பைடு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1956-ல் அவருக்குக் கிடைத்த வேலை, ‘மூலக்கூறு சல்லடை’ ஆராய்ச்சி.

அதென்ன சல்லடை? ஜியோலைட் என்று ஒரு கல். சூடாக்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் கொதிப்பது போலத் தெரியும். அதனால் 1756-ல் ஸ்வீடன் நாட்டு குரோன்ஸ்டெட் கிரேக்க மொழியில் ‘கொதிக்கும் கல்’ என்று பொருள்படும் இந்தப் பெயரை வைத்தார். சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் அணுக்களால் கூண்டு கூண்டாகக் கட்டப்பட்டது. கூண்டின் வாசல் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. அந்த வாசலில் நுழையும் மூலக்கூறு உள்ளே போகும். பெரியது வெளியே நிற்கும்.

உள்ளே போன மூலக்கூறு சும்மா வருவதில்லை. அந்தக் கூண்டுக்குள் உடையலாம், உருமாறலாம். கச்சா எண்ணெயின் கனமான மூலக்கூறுகளை உடைத்து பெட்ரோல் ஆக்க ‘ஜியோலைட் ஒய்’ என்ற வகை உதவுகிறது. அதை உருவாக்கி வளர்த்த குழுவில் எடித்துக்கு முக்கியப் பங்கு உண்டு. இன்று உங்கள் ஸ்கூட்டரில் ஊற்றிய பெட்ரோலும் அந்த வழியாக வந்திருக்கலாம்.

சரி, கண்ணுக்குத் தெரியாத கூண்டு சரியாக அமைந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அப்படித்தான். தட்டுவது விரலுக்குப் பதில் அகச்சிவப்பு ஒளி. கூண்டின் பிணைப்புகள் அந்த ஒளியில் குறிப்பிட்ட அலைகளை மட்டும் வாங்கிக்கொண்டு அதிரும். எந்த அலை காணாமல் போனதென்று பார்த்தால் கூண்டின் அமைப்பு பிடிபடும். கதாமி, சிமான்ஸ்கி ஆகியோருடன் 1971-ல் எடித் வெளியிட்ட கட்டுரை, இந்த அதிர்வுகளைப் படிக்கும் முறையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. ‘சிலிக்கான் இல்லாமல் கூண்டு கட்டினால் என்ன?’ என்று அவரது குழு பாஸ்பரஸைச் சேர்த்துப் பார்த்தது. சுவாமிமலையில் மெழுகு உருவம் செய்து, மண் பூசி, பிறகு மெழுகை உருக்கி எடுப்பார்களே, அதே யுக்தி. கரிமப் பொருளைச் சுற்றிக் கூண்டை வளரவிட்டு, பிறகு அதை எரித்துவிடுவார்கள். 1982-ல் சல்லடைகளின் புதிய குடும்பமே பிறந்தது. அதன் வழித்தோன்றல் ஒன்று இன்று டீசல் புகையின் நச்சைக் குறைக்கவும் பயன்படுகிறது.

42 ஆண்டுப் பணியில் 200-க்கும் மேற்பட்ட புதிய பொருள்கள், 109 அமெரிக்கக் காப்புரிமைகள். 1992-ல் பெர்கின் பதக்கம். அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். 2014-ல் ஒபாமா கையால் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம். இத்தனைக்கும் அவர் படித்து வாங்கிய உயர்ந்த பட்டம் முதுகலைதான்.

எல்லாருக்கும் இப்படி அமையும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், கொரோனா நேரத்தில் எத்தனையோ வீடுகளில் மூச்சுக்குக் காவல் இருந்த ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டருக்குள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து வைத்ததும் ஜியோலைட்தான். யாரோ சிலர் வேதியியல் படித்ததால்தானே அது சாத்தியமானது?

எதிர்வீட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகளைப் பார்த்துக் கேட்டார்: “அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள் என்னிக்கும்மா?”